மைலோ டப்பாவும் பினாங்கு விருந்தாளிகளும்

வந்த இரண்டாம் நாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, பினாங்கிலிருந்து வந்திருந்த அண்ணன் தன் பெட்டியைத் திறந்து ஹார்லிக்ஸ் மாதிரி ஒரு பானமான மைலோவின் பச்சை டப்பாவை எடுத்து எங்கள் நடுவீட்டில் வைத்தார். மூடியின் ஓரத்தில் துரு ஏறியிருந்தது. "ஞாபகம் இருக்கா தம்பி?" என்றார். பார்த்ததுமே எனக்குத் தொண்டை அடைத்தது.

பதினோரு வருடத்துக்கு முன்பு நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் முன் என் மனைவியும் அம்மாவும் பத்து நாள் வந்து பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டார்கள். நான் இருந்தது கம்பெனி விடுதி. அங்கே குடும்பத்தைத் தங்க வைக்க முடியாது. ஓட்டல் போட்டால் ஆறு மாதச் சேமிப்பு கரைந்துவிடும். அப்போது உடன் வேலை பார்த்த இந்த அண்ணன்தான் ஆயர் ஈத்தாமில் இருந்த தன் சின்ன அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். முதல் நாளே இந்த டப்பாவை மேசையில் வைத்து, "நீங்க 200 வெள்ளி, நாங்க 200 வெள்ளி. பஸ், சாப்பாடு, டிக்கெட்டு எல்லாம் இதிலருந்துதான். தீந்தா மறுபடி சமமா போடுவோம்" என்றார். அங்கே நம் ஆட்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

விருந்தாளியிடம் காசு கேட்பதா என்று என் அம்மா முகத்தைச் சுளித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மூன்றாம் நாளே அம்மாவுக்கு அந்த டப்பா பிடித்துப்போனது. யார் காசில் சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் போய்விட்டது. "டப்பாவுல இருக்குல்ல, அப்ப எனக்கு ஒரு இளநி" என்று வாய்விட்டுக் கேட்டார். ஜார்ஜ் டவுனுக்குள் ஓடும் இலவச பஸ்ஸில் ஏறி நாங்கள் ஊரைச் சுற்றினோம். தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் படியேறினோம். சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. வருடா வருடம் ஏர்வாடி தர்காவுக்குப் போய் வருகிற என் அம்மா, கடல் தாண்டியும் நம் ஊர் நாகூராண்டவர் வந்திருக்கிறாரே என்று அதன் வாசலில் வெகுநேரம் நின்றார். பத்து நாளில் நாங்கள் செலவழித்தது மிகவும் குறைவு. ஆனால் இன்றைக்கும் அம்மா பினாங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

அந்த அண்ணன்தான் இந்தத் தை மாதம் குடும்பத்தோடு, ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் உச்சிப்புளிக்கு வந்தார். அவர், அண்ணி, அங்கே பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அவர்கள் மகள், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அவருடைய அம்மா. பெரியம்மா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன்.

இந்த முறை செய்ய வேண்டியது நான். வாங்கின மொய்யைக் கூட்டித் திருப்பிச் செய்கிற மனசுதான் என்னிடம் இருந்தது. ஆகவே எல்லாச் செலவும் என்னுடையது என்று முடிவு செய்து, ஊர் சுற்றுகிற முதல் நாளுக்கு ஏசி வேன் பேசினேன். ராமநாதபுரம் அரண்மனை, உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் என்று ஒரே நாளில் ஆறு இடம். மூன்றாவது இடத்திலேயே பெரியம்மா கால் வீங்கிப்போய் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பிட்ட இடத்தில் பில் வந்ததும் அண்ணன் பணத்தை நீட்ட, நான் தட்டிவிட, கல்லாவின் முன்னால் இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டோம். அண்ணியின் முகம் வாடிவிட்டது. அதற்கப்புறம் வழியில் அந்தப் பிள்ளை ஒரு ஜூஸ்கூடக் கேட்கவில்லை. வேன் வாடகை 6,500, சாப்பாடு, அர்ச்சனை, அது இது என்று அன்றைக்கு மட்டும் 11,000 ரூபாய் ஆனது. காசு போனதைவிட, விருந்தாளிகள் என் வீட்டில் சுருங்கி உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு வலித்தது.

அன்று ராத்திரிதான் டப்பா வெளியே வந்தது. "காசைப் பத்திப் பேசாம இருந்தா மனசு கஷ்டம்தான் வரும் தம்பி. இப்பவே பேசிட்டா மிச்ச நாளெல்லாம் சிரிச்சிட்டு இருக்கலாம்" என்றார் அண்ணன். என் மனைவிதான் உடனே ஒரு வழி சொன்னாள். வாசற்படிக்கு உள்ளே நடக்கிற சமையல், பால், தண்ணீர் எல்லாம் எங்கள் செலவு. வாசற்படி தாண்டினால் டப்பா. இரண்டு குடும்பமும் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் போட்டோம். இந்த வாசற்படிக் கணக்கு எங்களுக்கு மிகவும் பொருந்தியது. விருந்து வைத்த நிறைவு எங்களுக்கும் இருந்தது, ஓசியில் சுற்றுகிறோம் என்ற உறுத்தல் அவர்களுக்கும் இல்லை. வெளிநாட்டு நண்பரை வீட்டுக்கு அழைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான் செய்தது போல ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

டப்பாவோடு இன்னொரு வசதியும் வந்தது. இங்கே பூக்காரம்மா வரைக்கும் எல்லாரும் ஜிபேதான். அவர்கள் கையில் இருந்தது மாற்றிக்கொண்டு வந்த நோட்டு. எங்கே போனாலும் 500 ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்பார்கள். அதனால் வெளியே நான் போனில் கட்டிவிடுவேன், அதே தொகையை மகள் டப்பாவிலிருந்து எடுத்து என்னிடம் தருவாள். கணக்கு நோட்டும் அவள் பொறுப்பு. சுலபத்துக்காக ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு, "பாட்டி, இந்த டீ அரை வெள்ளிதான்!" என்று சொல்லிக்கொண்டே எழுதுவாள்.

சுற்றிப் பார்த்த கதைக்குப் போகும் முன், அவர்கள் வருவதற்கு முன்னால் செய்த, செய்யத் தவறிய சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர் பதிவு செய்வார். வீட்டில் தங்கினால் அந்த வேலை வீட்டுக்காரருடையது. சி ஃபார்ம் என்று சொல்வார்கள். வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். எனக்கு இது தெரியவே தெரியாது. போலீசில் இருக்கிற உறவுக்காரர் ஒருவர் எதேச்சையாகக் கேட்டதால் தெரிந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பாஸ்போர்ட், விசா, போட்டோ எல்லாவற்றையும் ஏற்றினேன். எங்கள் கரை இலங்கைக்கு எதிரே இருக்கிறது. கண்காணிப்பு அதிகம். கடைசி நேரத்தில் அலையாமல், அந்த ஆன்லைன் பதிவுக்கான வீட்டுக்காரர் கணக்கைத் தொடங்கும் வேலையை விருந்தாளிகள் கிளம்பும் முன்பே முடித்து வைப்பது நல்லது. வெளியே போகும்போதும் பாஸ்போர்ட் நகல் ஒன்று அவர்கள் கையில் இருக்கட்டும்.

சரியாகச் செய்த ஒரு காரியம், பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி முன்னமே கேட்டது. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். மருந்துக்கடையில் சொல்லி வைத்து, மேலே வைத்து உட்காருகிற கமோடு நாற்காலி ஒன்று வாங்கினோம். அது மட்டும் இல்லாவிட்டால் அவர் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டிருப்பார். வயசானவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். உச்சிப்புளி பக்கம் நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் உப்பு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குடிக்கக் கேன் தண்ணீர் போக, பெரியம்மா தலைக்குக் குளிக்கவும் நல்ல தண்ணீர் ஒரு டிரம் பிடித்து வைத்தோம்.

எந்த மாதம் வருவது என்பதையும் பார்த்துத்தான் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், புயல் பயமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும், வெயிலும் தாங்காது. தையும் மாசியும்தான் எங்கள் கரைக்கு வர நல்ல மாதங்கள். தை அமாவாசையை மட்டும் தவிர்த்தாக வேண்டும். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அது கழிந்த பிறகே டிக்கெட் போடச் சொன்னேன். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாள் காலை திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலைப் பிடித்து ராமநாதபுரத்தில் இறங்கினார்கள். விமானம் இறங்கிய கையோடு கார் எடுத்து வருவதைவிட இதில் செலவு பல மடங்கு குறைவு. பெரியம்மாவும் படுத்துக்கொண்டே வர முடிந்தது.

சரி, இனி டப்பா நாட்கள்.

ராமேஸ்வரத்துக்கு நாங்கள் போனது பாசஞ்சர் ரயிலில். டிக்கெட் டீக் காசுதான். ரயில் மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் மொத்தப் பெட்டியும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. நாங்கள் போனது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறிக் கப்பலுக்கு வழி விடும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் அந்த இடம் இரண்டு கையை விரித்துத் தூக்குவது போலப் பிளந்து மேலே போகும். நான் சின்ன வயதில் அதைப் பார்க்கவென்றே பாம்பனில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் போனை மடியில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். காரில் போனால் 1988-இல் திறந்த ரோட்டுப் பாலத்தின் வழியாகத்தான் போவோம். அங்கிருந்து பார்ப்பதும் அழகுதான். ஆனால் ஜன்னலுக்குக் கீழே தரையே இல்லாமல் கடல் ஓடுகிற அந்தச் சில நிமிடம் ரயிலில் மட்டுமே கிடைக்கும். வெளியூரிலிருந்து வருகிற யாரையும் ஒரு தடவையாவது அந்த ரயிலில் கூட்டிப் போங்கள்.

கோயிலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். 22 தீர்த்தத்திலும் குளிக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. வாரநாளில், விடிகாலையில் போனதால் நெரிசல் இல்லை. தீர்த்தத்துக்குக் கோயில் கவுன்டரிலேயே சீட்டு வாங்கலாம். வெளியே நின்று "ஸ்பெஷலா முடிச்சுத் தர்றேன்" என்று பெரிய தொகை கேட்டவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். மாற்றுத்துணி கையில் இருக்க வேண்டும், வழுக்குகிற கல்லில் வயசானவர்களின் கையை விடக் கூடாது. மொபைலை உள்ளே கொண்டு போக முடியாது, வீட்டிலேயே எல்லாருடைய போனையும் ஒரே பையில் போட்டு எடுத்து வந்தால் வைத்து வாங்குவது சுலபம். பேக்கரும்பில் இருக்கிற அப்துல் கலாம் நினைவிடத்துக்குத் திரும்பும் வழியில் போனோம். அதற்குக் கட்டணம் இல்லை.

தனுஷ்கோடிக்குத் தனி நாள் வைத்தோம். ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பஸ் அரிச்சல்முனை வரைக்கும் போகிறது. 2017-க்கு முன்னால் கடைசி ஊருக்கு அப்பால் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது தார் ரோடு. போகிற வழியில், கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய தண்ணீரில், தூரத்தில் வெள்ளையும் ரோஸுமாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள். 2025 ஜூனில்தான் அந்தப் பகுதியை அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தையில் போனதால் கிடைத்த பாக்கியம் இது, கோடையில் வருகிறவர்களுக்கு வாய்க்காது.

அரிச்சல்முனையில் நிழல் என்று ஒன்று கிடையாது. ஏழரை மணிக்குப் போய்ப் பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும், வயசானவர்களுக்குக் குடையும் கட்டாயம். இருட்டுவதற்குள் எல்லாரையும் அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். கடலில் இறங்கிக் குளிக்கிற எண்ணமே வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. எங்கள் ஊரில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வோம். பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் நேர் எதிர். அன்றைக்கு வாடை ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. முனையில் நின்றபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெதுவாக நுரைத்துக்கொண்டிருந்தன.

இடிந்த சர்ச் பக்கம் வந்ததும் பெரியம்மா பேச ஆரம்பித்தார். 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடி அழிந்தபோது அவர் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னப் பிள்ளை. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போய்விட்டது என்ற செய்தியை ரேடியோவில் கேட்டு அவருடைய அப்பா அன்று சாப்பிடவில்லையாம். "எங்க ஊரு கடலுடா, எங்க ஊரு கடலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு, "தம்பி, அப்பா ஊரு இங்கருந்து எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

நான் போட்ட திட்டத்தில் அந்த ஊரே இல்லை. முதல் நாளே "நீங்கள் என்ன பார்க்க வேண்டும்?" என்று பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். நாம் நம் ஊரில் பெரிதாக நினைக்கிற இடங்களை வரிசை கட்டிக் காட்டுகிறோம். அவர்கள் மனசுக்குள் வேறொரு இடம் இருக்கும்.

ஊர் திருவாடானை பக்கம். பெயர் மட்டும் அவருக்குத் தெரியும். அந்த நாளுக்கு டப்பாவிலிருந்து மறுபடி வேன் எடுத்தோம். வேன் எடுப்பதில் தப்பே இல்லை, எந்த நாளுக்கு எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். அதே வழியில் காரங்காடு வருகிறது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிற இடம். காலையில் அங்கே போய்விட்டு அப்புறம் ஊருக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டோம். வேர்கள் தண்ணீருக்குமேல் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்க, படகு இரண்டு பச்சைச் சுவருக்கு நடுவே போனது. மகளுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பிடித்தது. இதுபோல வனத்துறைப் படகில் மட்டும் போங்கள். தெரிந்த மீனவர் தீவுக்குக் கூட்டிப் போவார் என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைத்தால் விருந்தாளியும் மாட்டுவார், படகுக்காரரும் மாட்டுவார்.

பெரியம்மாவின் அப்பா ஊரில் சொந்தம் என்று யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், அந்தத் தெருவிலிருந்து மூன்று குடும்பம் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறியதாகத் தன் அப்பா சொல்வார் என்றார். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊருணி எங்க இருக்கு?" அவர் அப்பா தோட்டத்துக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஊருணித் தண்ணியைப் பற்றிச் சொல்வாராம். எங்கள் ராமநாதபுரம் சீமையில் ஊருக்கு ஊர் ஊருணி உண்டு. குடிக்கிற தண்ணீர் என்பதால் அதில் யாரும் குளிக்க மாட்டார்கள், செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள். மழை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதனால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பெரியம்மா செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கினார். கலங்கல் நிறத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார். அண்ணி பதறி, "அம்மா, வயித்துக்கு ஆவாது" என்றார். பெரியம்மா காதிலேயே வாங்கவில்லை. மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே நின்றார். என் அம்மாவும் பேசாமல் பக்கத்தில் நின்றார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். பெரியம்மாவின் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீன் வாங்கின கதையைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் வடகடலில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகு. விசைப்படகு கரைக்கு வருகிற காலையில் போனால் மீன் குவிந்து கிடக்கும், விலையும் இறங்கியிருக்கும். எந்தக் காலை என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போனால் போதும். அண்ணனும் நானும் பாம்பனில் ஏலம் பார்த்துவிட்டு, ஏலம் எடுத்தவரிடமே நண்டும் கணவாயும் கொஞ்சம் பாறை மீனும் பிரித்து வாங்கி வந்தோம். ஓட்டலில் ஒரு வேளைக்கு ஆகிற காசில் ஏழு பேர் இரண்டு வேளை சாப்பிட்டோம். அண்ணியும் என் மனைவியும் சேர்ந்து சமைத்தார்கள். எங்கள் ஊர் குண்டு மிளகாயை அரைத்து அண்ணி சம்பால் என்கிற மலேசிய மிளகாய்த் தொக்கு செய்தார். பினாங்கு வாசனை எங்கள் அடுப்படியில் வந்தது. விருந்தாளியை அடுப்படிக்குள் விடக் கூடாது என்பது என் மனைவியின் பழைய கொள்கை. அதை மாற்றிக்கொண்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

கீழக்கரைக்கு பஸ்ஸில் போனோம். 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழியில் ஒரு பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டைப் பெரியம்மா நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியில் நின்று பார்த்தோம். கோயில் மண்டபம் மாதிரியே கல் தூண்கள். அப்புறம் ஒரு கடையில் தொதல் வாங்கினேன். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுகிற இனிப்பு. கருப்பாக, எண்ணெய் மினுங்கிக்கொண்டு, விரலில் ஒட்டும். மகள் ஒரு துண்டை வாயில் போட்டதும் கண்ணை அகலமாக்கி, "சித்தப்பா, இது டோடோல்!" என்று கத்தினாள். மலேசியாவில் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் செய்கிற அதே பண்டம், ஏறக்குறைய அதே பெயர். கடைக்காரர் சிரித்துவிட்டு, அவர் தாத்தாவும் அந்தப் பக்கம் வியாபாரம் செய்தவர்தான் என்று சொல்லி, காசு வாங்காமல் இன்னொரு துண்டு கொடுத்தார். "பசியாறிட்டீங்களா?" என்று அவர் கேட்டதும் அண்ணிக்கு ஒரே ஆச்சரியம். காலைச் சாப்பாட்டுக்குப் பினாங்குத் தமிழர்களும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

ஒரு நாளை ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டோம். காலையில் ஆளாளுக்கு இஷ்டம் போலத் தூங்கினார்கள். துணி துவைத்தார்கள். சாயங்காலம் அரியமான் கடற்கரையில் சவுக்கு மர நிழலில் பாயை விரித்து உட்கார்ந்து, வீட்டிலிருந்து அவித்து எடுத்துப் போன பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றோம். கிழங்கின் நடுக் குருத்தை உருவி எறிவதற்கு மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது என் அம்மா. மற்ற நாட்களிலும் இதே கணக்கைத்தான் வைத்தோம். காலையில் ஓர் இடம், மதியம் வீட்டில் சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் முடிந்தால் இன்னோர் இடம். காரங்காட்டு நாள் மட்டும்தான் விலக்கு. ஆறு இடம் பார்த்த முதல் நாளில் என்ன பார்த்தோம் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை.

கிளம்புகிற அன்று மகள் நோட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னாள். டப்பாவை வைத்த பிறகு வெளியே ஆன மொத்தச் செலவு ஏழு பேருக்கும் சேர்த்து 13,460 ரூபாய். இடையில் ஒரு தடவை இரண்டு பக்கமும் இரண்டாயிரம் சேர்த்துப் போட்டிருந்தோம். மிச்சம் 540 ரூபாய் இருந்தது. அதை எப்படிப் பிரிப்பது என்று அண்ணன் யோசிப்பதற்குள் என் அம்மா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே பனைத்தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது டப்பாவின் மூடி மூட முடியாத அளவுக்குக் கருப்பட்டி இருந்தது. துணியால் கட்டிப் பெரியம்மாவின் பையில் வைத்தார்.

போன வாரம் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு போட்டோ வந்தது. காலியான டப்பாவைக் கழுவி ஜன்னலோரம் வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் தைப்பூசத்துக்கு நாங்கள் மூன்று பேரும் அங்கே போகிறோம். பாஸ்போர்ட் புதுப்பிக்க அம்மாவுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது.